கைக்குக் கை மாறும் வினாத்தாள்: யாழ்ப்பாணப் பாடசாலைகளில் திறந்த கல்வி வளங்களுக்கான கூட்டு

தவணைப் பரீட்சை நெருங்கும் வாரங்களில் யாழ்ப்பாணத்து ஆசிரியர்களின் வட்ஸ்அப், வைபர் குழுமங்களில் வினாத்தாள்களும் பயிற்சித்தாள்களும் வந்து குவியும். யார் தயாரித்தது, எந்த ஆண்டுக்குரியது, இடையில் யாராவது திருத்தினார்களா என்பது பெரும்பாலும் தெரியாது. சில தாள்களின் நடுவே ஏதாவதொரு தனியார் கல்வி நிலையத்தின் பெயர் சாம்பல் நிறத்தில் சரிந்து கிடக்கும். அப்படி எனக்கு வந்த தரம் 10 கணிதத் தாள் ஒன்றின் ஏழாம் வினாவில், விட்டம் 14 சென்ரிமீற்றர் என்று இருக்கவேண்டிய இடத்தில் ஆரை 14 சென்ரிமீற்றர் என்று இருந்தது. பின்னால் இணைத்திருந்த விடை 154 சதுர சென்ரிமீற்றர். அது விட்டத்துக்கே பொருந்தும். ஒரு சொல்லை மாற்றினால் தீரும் பிழைதானே என்று அந்தப் பந்தியைப் பிரதியெடுத்து ஒட்டினேன். "கணிதம்" என்ற சொல் ஐந்து ஆங்கிலச் சிற்றெழுத்துக்களும் ஓர் அரைப்புள்ளியுமாக வந்து நின்றது. ஆங்கில எழுத்துக்களின் இடத்தில் தமிழ் வடிவங்களைக் காட்டும் பழைய பாமினி எழுத்துருவில் தட்டிய தாள் அது. அதை ஒருங்குறிக்கு (யூனிகோட்) மாற்றித் தரும் மென்பொருள் இருக்கிறதே என்று கேட்பார்கள். இருக்கிறது, ஆனால் சமன்பாடுகளில் இருந்த மாறிகளையும் அது தமிழ் எழுத்தாக்கிவிட்டது. இரண்டு இரவுகள் இருந்து முழுத்தாளையும் புதிதாகத் தட்டி அனுப்பினேன். அதற்குள் பிழையான பிரதி வேறு பல குழுமங்களுக்குப் போய்விட்டது.

நம்மிடையே கல்வி வளங்கள் இலவசமாகக் கிடைக்கவில்லை என்று யாரும் குறைசொல்ல முடியாது. கிடைத்ததைத் திருத்தவும், சேர்க்கவும், திருத்தியதை எல்லோருக்கும் தெரியும்படி ஓரிடத்தில் வைக்கவும் உரிமையும் இல்லை, வசதியும் இல்லை என்பதே சிக்கல். திறந்த கல்வி வளங்கள் என்ற கருத்து அந்த உரிமையையும் வசதியையும் பற்றியது. ஓர் ஆசிரியரோ ஒரு பாடசாலையோ தனித்து நின்று இவ்விரண்டையும் உண்டாக்க இயலாது என்பதாலேயே இங்கு கூட்டு என்ற பேச்சு எழுகிறது.

கருத்தின் வரலாறு நீண்டதன்று. அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் தொழில்நுட்பக் கல்லூரி தனது பாடநெறிகளை இணையத்தில் எவரும் பயன்படுத்தும்படி வைக்கப்போவதாக 2001 இல் அறிவித்தது. அடுத்த ஆண்டு பாரிஸில் யுனெஸ்கோ கூட்டிய அமர்வில் "திறந்த கல்வி வளங்கள்" என்ற பெயர் புழக்கத்துக்கு வந்தது. ஆக்கியவர் தன் படைப்பைப் பிறர் எடுத்தாள முன்கூட்டியே அனுமதி கொடுக்க உதவும் பொது உரிமங்களை எழுதித் தருவது கிரியேட்டிவ் கொமன்ஸ் அமைப்பு; அதே 2002 டிசம்பரில் அது தனது முதல் உரிமங்களை வெளியிட்டது. 2019 நவம்பரில் யுனெஸ்கோவின் பொது மாநாடு இதுபற்றி ஒரு பரிந்துரையை ஏற்றுக்கொண்டது. ஆற்றல் வளர்ப்பு, கொள்கை, சமமான அணுகல், நிலைத்திருக்கும் நிதிவழி, நாடுகளுக்கிடையிலான ஒத்துழைப்பு என ஐந்து துறைகளில் உறுப்பு நாடுகள் செய்யவேண்டியவற்றை அது கூறுகிறது. ஒரு வளத்தைத் திறந்தது என்று சொல்ல ஐந்து சுதந்திரங்கள் வேண்டும் என்பது இத்துறையில் பரவலாக ஒப்புக்கொள்ளப்பட்ட அளவுகோல்: பிரதியைத் தன்னிடம் வைத்திருத்தல், பயன்படுத்தல், திருத்தல், வேறொன்றுடன் கலத்தல், மறுபடி பகிர்தல். "மாற்றம் செய்யக்கூடாது" என்ற நிபந்தனை கொண்ட கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமங்கள் இந்த அளவுகோலில் தேறாமற் போவதற்குக் காரணம் இதுதான். என் ஏழாம் வினா மூன்றாவது சுதந்திரத்தில் இடறியது.

சட்டத்தின் நிலையைச் சற்று நின்று பார்க்கவேண்டும், ஏனெனில் கூட்டின் முதல் உறுப்பினர் யாராக இருக்கவேண்டும் என்பதை அதுவே தீர்மானிக்கிறது. இலங்கையின் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, ஒரு படைப்பு உருவான கணமே அதற்குப் பாதுகாப்புக் கிடைத்துவிடுகிறது. பதிவும் வேண்டாம், அடையாளக் குறியும் வேண்டாம். அந்தப் பாதுகாப்பு ஆக்கியவரின் ஆயுட்காலத்துக்கும் அதற்குப் பின் 70 ஆண்டுகளுக்கும் நீடிக்கும். கற்பித்தலுக்காக நியாயமான அளவில் பயன்படுத்துவதையும், வகுப்பறைக்கெனப் பல பிரதிகள் எடுப்பதையும் சட்டம் அனுமதிக்கிறது. ஆகவே நாற்பது பிள்ளைகளுக்கு ஒரு பக்கத்தைப் பிரதியெடுத்துக் கொடுக்கும் ஆசிரியர் அஞ்சவேண்டியதில்லை. அதே பக்கத்தை மாற்றி எழுதி, தொகுத்து, இணையத்தில் நிலையாக வைப்பது வேறு சங்கதி. இதற்குமேல் இன்னொரு முடிச்சும் உண்டு: தொழிலின் போக்கில் ஊழியர் ஒருவர் ஆக்கும் படைப்பின் பொருளாதார உரிமை, மாறான ஒப்பந்தம் இல்லாதவிடத்து, தொழில்தருநரையே சேரும். மாகாணக் கல்வித் திணைக்களத்தின் கீழ் பணிபுரியும் ஆசிரியர் கடமையின் பகுதியாகத் தயாரித்த வினாத்தாளுக்கு அவர் தாமாகவே திறந்த உரிமம் வழங்கிவிட முடியுமா என்ற கேள்வி இதனால் எழுகிறது. எனவே எந்தக் கூட்டும் திணைக்களத்தின் எழுத்து மூலமான அனுமதியிலிருந்தே தொடங்கவேண்டும். ஆசிரியர்களின் நல்லெண்ணத்தை மட்டும் நம்பித் தொடங்குகிற முயற்சி, பணிப்பாளர் ஒருவர் மாற்றலாகிப் போனதும் நின்றுவிடும்.

வளங்களின் இருப்பை நோக்கினால், 1980 முதல் அரசு இலவசப் பாடநூல் வழங்கி வருகிறது. கல்வி வெளியீட்டுத் திணைக்களம் அவற்றை இணையத்திலும் வைத்திருக்கிறது. மகரகமவில் உள்ள தேசிய கல்வி நிறுவகத்தின் பாடத்திட்டங்களும் ஆசிரியர் வழிகாட்டிகளும் தரவிறக்கக் கிடைக்கின்றன. கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளமும் இருக்கிறது. இவையெல்லாம் வாசிக்க இலவசமானவை. பாடநூலின் இலவச வழங்கல் தரம் 11 உடன் முடிந்துவிடுவதால், உயர்தர மாணவர் தேசிய கல்வி நிறுவகத்தின் வள நூல்களையும் ரியூசன் குறிப்புகளையுமே நம்பியிருக்கிறார். அந்த வள நூல்களின் தமிழாக்கத்தில் பிழைகள் உண்டென்பது ஆசிரியர் அறைகளில் ஓயாத முறைப்பாடு. பிழையைக் கண்டவர் தன் பிரதியில் பென்சிலால் திருத்திக்கொள்கிறார். அடுத்த பாடசாலையில் இன்னொருவர் அதே வரியை அதேபோலத் திருத்திக்கொள்கிறார். கூட்டு ஒன்று தொடங்குமானால் உயர்தர விஞ்ஞான, கணிதப் பாடங்களிலேயே தொடங்கவேண்டும் என்பது என் கருத்து. தேவையும் அங்கே கூட, ஆள்பலமும் அங்கே கூட.

ஆள்பலம் என்று சொல்லும்போது தொண்டைமானாறு வெளிக்கள நிலையத்தைக் குறிப்பிடாமல் இருக்க முடியாது. தமிழ்மொழிமூல உயர்தர மாணவருக்காகத் தவணைப் பரீட்சைகளைப் பல ஆண்டுகளாக நடத்திவரும் நிறுவனம் அது. வெவ்வேறு பாடசாலைகளின் ஆசிரியர்கள் ஒரே தாளுக்காக உழைப்பதும், அந்தத் தாளைப் பல பாடசாலைகள் ஒரே நாளில் பயன்படுத்துவதும் நம் மண்ணுக்குப் புதியனவல்ல என்பதற்கு அது சான்று. அதன் பழைய வினாத்தாள்கள் மாணவரிடையே தலைமுறை தலைமுறையாகப் புழங்குகின்றன. அப்படியொரு களஞ்சியம், அதை ஆக்கியவர்களின் சம்மதத்துடன், திருத்தக்கூடிய கோப்புகளாகவும் அலகு வாரியாகத் தேடக்கூடியதாகவும் திறக்கப்பட்டால், வெளிநாட்டுத் தளம் எதையும் தமிழாக்கி இறக்குவதைவிட அது பெரிய காரியமாக இருக்கும்.

வெளியிலிருந்து இறக்குவதில் உள்ள இடர்ப்பாடு, மொழி ஒன்றாக இருக்கும்போதுதான் கூடுதலாகத் தெரிகிறது. தமிழ்நாட்டில் 2018 முதல் வந்த புதிய பாடநூல்களில் விரைவுக் குறியீடுகள் (கியூஆர்) அச்சாகியுள்ளன. கைப்பேசியைக் காட்டினால் காணொளி திறக்கும். இந்திய அரசின் தேசியத் திறந்த கல்வி வளக் களஞ்சியம் 2013 இலேயே தொடங்கப்பட்டது. தமிழில் இருக்கிறதே, எடுத்துக்கொள்வோம் என்று தோன்றும். நம் பிள்ளை படிப்பது இரசாயனவியல், அங்கே வேதியியல். பௌதிகவியல், அங்கே இயற்பியல். ஒட்சிசன், அங்கே ஆக்சிஜன். ஒளித்தொகுப்பு, அங்கே ஒளிச்சேர்க்கை. இந்த வேறுபாடுகளைப் பிள்ளை எப்படியோ ஊகித்துக்கொள்ளும். ஊகிக்கவிடாமல் ஏமாற்றும் சொற்களும் உண்டு. நமக்குத் திணிவு என்பது அவர்களுக்கு நிறை. நமக்கு நிறை என்பது அவர்களுக்கு எடை. ஆகவே "ஒரு பொருளின் நிறை இடத்துக்கு இடம் மாறுமா?" என்ற கேள்விக்கு யாழ்ப்பாணத்தில் மாறும் என்பதும் மதுரையில் மாறாது என்பதும் சரியான விடைகள். வேகமும் அப்படித்தான். நாம் கதி என்பதை அங்கே வேகம் என்கிறார்கள். நாம் வேகம் என்பது அங்கே திசைவேகம். தமிழ்நாட்டுக் காணொளி ஒன்றைப் பார்த்துவிட்டு வந்து விடை எழுதும் மாணவர், விளங்கிக்கொண்டே பிழை விடுவார்.

திறந்த உரிமத்தின் பயன் இங்கே கண்ணுக்குத் தெரிகிறது. மாற்ற அனுமதி இருந்தால், சொற்பட்டியல் ஒன்றை வைத்து அந்த வளத்தை நம் கலைச்சொற்களுக்கு ஒருநாளில் மாற்றிவிடலாம். அனுமதி இல்லையென்றால் ஆசிரியர் காணொளியை இடையிடையே நிறுத்தி, "பிள்ளையள், அவை நிறை எண்டு சொல்லுறது எங்கட திணிவு" என்று சொல்லிக்கொண்டே இருக்கவேண்டியதுதான். இந்தச் சொல் வேலை நமக்கு அந்நியமுமன்று. மானிப்பாயில் 19 ஆம் நூற்றாண்டில் மருத்துவத்தைத் தமிழில் கற்பித்த சாமுவேல் பிஸ்க் கிரீன், தமது மாணவருடன் சேர்ந்து மருத்துவ நூல்களைத் தமிழாக்கியதோடு கலைச்சொற்களையும் தொகுத்தார். 2003 இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவை முதலில் கட்டியெழுப்பிய இ. மயூரநாதன் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவர். அங்கே ஒரு கட்டுரைக்கு எந்த நாட்டுச் சொல்லைத் தலைப்பாக வைப்பது என்ற விவாதம் இரு கரையினருக்கும் பழகிப்போனது. இரு வழக்குகளையும் பக்கத்துப் பக்கமாகக் காட்டும் பாடவாரியான சொற்பட்டியல் ஒன்றை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும் ஆசிரிய ஆலோசகர்களும் சேர்ந்து திறந்த உரிமத்தில் வெளியிட்டால், பின்னர் வரும் எல்லாக் கூட்டுக்கும் அதுவே அடித்தளமாகும். பணமும் அதிகம் வேண்டாம். ஆனால் இத்தகைய வேலைக்குத் திறப்புவிழா நடத்த முடியாது என்பதால் நிதி கொடுப்பவர்கள் இதைத் தேடி வருவதில்லை.

திறப்புவிழாவுக்கு ஏற்ற வேலைகள் நடந்தபடிதான் இருக்கின்றன. ரொறன்ரோவிலும் லண்டனிலும் கிளைகள் உள்ள பழைய மாணவர் சங்கங்கள் நம் பாடசாலைகளுக்குச் செய்திருப்பது கொஞ்சநஞ்சமல்ல. அதை நன்றியோடு சொல்லவேண்டும். ஆனாலும், அன்பளிப்பாக வந்த ஸ்மார்ட் போர்ட் ஒன்றைப் பூப்போட்ட துணியால் மூடி, தூசு படாமல் ஆண்டுக்கணக்காகக் காத்துவந்த ஒரு வகுப்பறையை நான் பார்த்திருக்கிறேன். அதில் போட்டுக் காட்டத் தமிழில், நம் பாடத்திட்டத்துக்கு உரியதாக, எதுவும் இருக்கவில்லை. பலகை வாங்கிய தொகையில் ஒரு பங்கைத் தட்டச்சுக்கும், படம் வரைபவருக்கும், பாட ஆசிரியர் ஒருவரின் விடுமுறைக்கால உழைப்புக்கும் ஒதுக்கியிருந்தால், அந்தப் பாடசாலையோடு நில்லாமல் தமிழ்மொழிமூலப் பாடசாலைகள் யாவும் பயன்பெற்றிருக்கும். தன் பாடசாலைக்கென்று சேர்த்த பணத்தில் போட்டிப் பாடசாலைப் பிள்ளையும் பயன்பெறுவதை ஒரு சங்கம் ஏற்குமா என்பது இந்த ஊரில் சின்னக் கேள்வி அல்ல. பல சங்கங்கள் ஆளுக்கொரு பாடத்தைப் பொறுப்பெடுத்து, முன்னட்டையின் உள்ளே அச்சங்கத்தின் பெயரையும் போட்டுக்கொண்டால் இந்தத் தயக்கம் குறையலாம். கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமங்கள் ஆறும் ஆக்கியவர் பெயரைச் சுட்டியே ஆகவேண்டும் என்கின்றன. நம் பெயர் விருப்பத்துக்கும் அவற்றுக்கும் பகையில்லை.

பிற நாடுகளில் இரண்டு முயற்சிகள் இதற்கு வெளிச்சம் தருகின்றன. தென்னாபிரிக்காவில் கேப் ரவுண் பல்கலைக்கழக ஆய்வு மாணவர் சிலர் 2002 இல் தொண்டாகத் தொடங்கிய விஞ்ஞானப் பாடநூல் வேலை, பின்னர் சியவூலா என்ற அமைப்பாக வளர்ந்தது. 2012 இல் அந்நாட்டு அரசே சியவூலாவின் கணித, விஞ்ஞான நூல்களை அச்சிட்டு நாடெங்கும் விநியோகித்தது. திறந்த உரிமம் இருந்தமையால் அரசு செலவிட்டது அச்சுக்கும் விநியோகத்துக்குமே. நோர்வேயில், உயர்நிலைப் பாடசாலை மாணவருக்குப் பாடப்பொருட்களை இலவசமாகக் கொடுக்கும் கடமை பிராந்திய சபைகளின் தலையில் விழுந்தபோது, அவற்றுட் பெரும்பாலானவை அந்தப் பணத்தில் ஒரு பகுதியை ஒன்றாகப் போட்டு என்.டி.எல்.ஏ. என்ற பொது அமைப்பை உருவாக்கின. நம்மவரின் பிள்ளைகள் பலர் அந்த வளங்களில் படித்துத்தான் அங்கே பல்கலைக்கழகம் போயிருப்பார்கள். கேப் ரவுணில் தொண்டர்களின் வேலைக்குப் பின்னர் அரசின் கை கிடைத்தது; நோர்வேயில் வழமையான செலவுத் தலைப்பே திசைதிருப்பப்பட்டது. இரண்டும் நிலைத்தது ஒருமுறை வந்துபோகும் நன்கொடையை மட்டும் நம்பி அன்று. இங்கே யாழ்ப்பாணம், வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம் ஆகிய ஐந்து கல்வி வலயங்களும் தனித்தனியே வினாத்தாளுக்கும் பயிற்சித்தாளுக்கும் செலவிடும் கடதாசியையும் நேரத்தையும் ஒன்றாகக் கணக்கிட்டால், அதற்குள்ளேயே ஒரு தொடக்க நிதி ஒளிந்திருக்கிறது. 2022 மார்ச்சில் கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளே ஒத்திவைக்கப்பட்ட நாடு இது.

எந்த உரிமத்தைத் தெரிவது என்பதில் யாழ்ப்பாணத்தில் வாதம் உடனே ரியூட்டரிகளை, அதாவது தனியார் கல்வி நிலையங்களைச் சுற்றித்தான் வரும். "நாங்கள் கஷ்டப்பட்டு எழுத, அவர்கள் அட்டை போட்டு விற்பார்கள்" என்பார்கள். அதனால் "வணிகநோக்கற்ற பயன்பாட்டுக்கு மட்டும்" என்ற நிபந்தனையைச் சேர்க்க எல்லோரும் விரும்புவார்கள். அது பாதுகாப்பாகத் தோன்றினாலும் வேறு சந்தேகங்களைக் கொண்டுவரும். பக்கத்துக்கு இவ்வளவு என்று காசு வாங்கும் கொமியூனிக்கேசன் கடையில் ஆசிரியர் இருநூறு பிரதி எடுத்தால் அது வணிகமா? இதே கேள்வி அமெரிக்காவில் பிரதியெடுக்கும் நிறுவனமான பெட்எக்ஸ் ஒபிஸ் மீது தொடுக்கப்பட்ட வழக்கில் எழுந்தது. பாடசாலையின் பொருட்டுக் கடை பிரதியெடுத்துக் கொடுப்பது உரிமத்தை மீறுவதாகாது என்று மேன்முறையீட்டு நீதிமன்றம் 2018 இல் தீர்த்தது. அந்தத் தீர்ப்பு நம்மைக் கட்டுப்படுத்தாது. நான் விரும்புவது பெயர் சுட்டி, அதேமாதிரிப் பகிரும் உரிமத்தையே. ரியூட்டரி எடுத்துப் பயன்படுத்தட்டும்; ஆனால் அவர்கள் திருத்திச் சேர்த்து வெளியிடுவதும் அதே உரிமத்தில் திறந்திருக்கவேண்டும். இந்த ஊரில் மிகக் கெட்டிக்கார ஆசிரியர்களுட் பலர் மாலை நேரத்தில் அங்கேதான் இருக்கிறார்கள். அவர்களை வெளியே நிறுத்திவிட்டுக் கூட்டமைப்பது கைக்கெட்டியதை விடுவதாகும். ஒன்றை மட்டும் தொடக்கத்திலேயே முடிவுசெய்யவேண்டும்: இவ்விரு வகை உரிமங்களும் பகிர்வு நிபந்தனையால் ஒன்றோடொன்று கலக்க முடியாதவை. ஒரு வலயம் ஒன்றையும் அடுத்த வலயம் மற்றதையும் தெரிந்தால், இரண்டு களஞ்சியங்களும் அருகருகே கிடந்தும் ஒட்டாது.

நெடுந்தீவை நினைத்துக்கொண்டு தொழில்நுட்பத்தைத் தெரிவுசெய்வது நல்லது. குறிகட்டுவானிலிருந்து ஏறத்தாழ ஒரு மணிநேரப் படகுப் பயணத்துக்கு அப்பால் உள்ள பாடசாலையில் இயங்குவது எங்கும் இயங்கும். கொலிப்ரி போன்ற இலவச மென்பொருள், இணைய இணைப்பில்லாத பழைய கணினி ஒன்றிலிருந்தே ஒரு வகுப்பறைக் கைப்பேசிகளுக்குப் பாடங்களை வழங்கும். புதுப்பித்த தொகுப்பைத் தவணைக்கு ஒருமுறை பென்ரைவில் கொண்டுபோனால் போதும். கொண்டுபோக ஆள் வேண்டும். அது எவருடைய கடமை என்று எழுதியிருக்கவும் வேண்டும்.

கோப்புகளைக் காப்பது யார் என்ற கேள்விக்கு நம்மிடம் ஆயத்தமான விடை ஒன்று இருக்கிறது. 2005 இல் தொடங்கிய நூலகம் திட்டம், ஈழத்துத் தமிழ் ஆவணங்களை உரியவர்களிடம் அனுமதி பெற்று எண்ணிமமாக்கிப் பேணிவருகிறது. அனுமதிக் கடிதம், பட்டியலாக்கம், நீண்டகாலப் பாதுகாப்பு ஆகியவற்றில் அதற்குள்ள அனுபவம் திணைக்களங்களிடம் இல்லை. இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் பட்டப்பின் கல்வி டிப்ளோமா பயிலும் ஆசிரியரிடையே, நாட்டின் ஒன்பது மாகாணங்களையும் தழுவி, திறந்த கல்வி வளங்களைக் கற்பித்தலில் சேர்க்கும் ஆய்வொன்றை ஏற்கெனவே நடத்தியது. கோப்பாயில் ஆசிரிய கலாசாலையும் தேசிய கல்வியியற் கல்லூரியும் இருக்கின்றன. அங்கே பயிலும் ஒவ்வொருவரும் எப்படியும் கற்பித்தற் சாதனம் தயாரித்துப் புள்ளி பெறவேண்டியவர். அந்தச் சாதனங்கள் புள்ளி கிடைத்ததும் அலமாரிக்குள் போய்விடுகின்றன. அவற்றுள் தேறியவற்றை மட்டும் ஒருங்குறியில், உரிமக் குறிப்புடன் ஒப்படைக்கச் சொன்னாலே ஆண்டுக்கொரு தொகுதி சேரும்.

இந்தத் தரப்புகளுக்கிடையிலான உடன்பாடு இரண்டு பக்கத்துக்கு மேற்பட வேண்டியதில்லை. உரிமம் எது, கோப்பு எந்த எழுத்துருவில், எந்த வடிவில், பாடத்தைச் சரிபார்த்துக் கையொப்பமிடும் ஆசிரிய ஆலோசகர் யார், பாடத்திட்டம் மாறினால் எத்தனை மாதத்துக்குள் எவர் திருத்துவது, மூலப் பிரதிகள் எந்த இரண்டு இடங்களில் இருக்கும். ஒரே கூரையின் கீழ் எல்லாவற்றையும் வைத்து இழந்த ஊர் நம்முடையது என்பதால் இரண்டு என்கிறேன். இன்னொரு வரியையும் சேர்க்கச் சொல்வேன்: பிழை கண்டவர் யாருக்கு அறிவிப்பது, அறிவித்தால் எத்தனை நாளுக்குள் திருத்திய பிரதி வெளிவரும் என்று ஒவ்வொரு தாளின் அடியிலும் அச்சாகியிருக்கவேண்டும். ஆரை 14 சென்ரிமீற்றர் என்ற அந்தத் தாள் சென்ற கிழமை மறுபடி எனக்கு வந்தது. இந்தமுறை நடுவில் வேறொரு கல்வி நிலையத்தின் பெயர்.